கொள்ளை நோய்க் காலத்தில் தாதிமாரும் மிட்வைப் அம்மாமாரும் பட்ட பாடு



லயத்தில் ஒரு பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தால், மாமன் மச்சானுக்கு முன்னால் வாசலில் வந்து நிற்பவர் மிட்வைப் அம்மா. தாயின் உடம்பைப் பார்ப்பதும், பிள்ளையின் தொப்புளைப் பார்ப்பதும், பால் குடிக்கிறதா என்று விசாரிப்பதும், நிறை போட்டுக் கார்டில் எழுதுவதும் அவர்தான். அரசாங்கத்தில் இவருக்குக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் என்று பெயர். மருத்துவமாது என்றும் எழுதுவார்கள். நமக்கு அவர் எப்போதும் மிட்வைப் அம்மாதான். அதேபோல் வைத்தியசாலையில் வார்ட்டுக்குள் போனால், டாக்டர் வந்து பார்ப்பது சில நிமிடம். மிச்ச நேரம் முழுவதும் நம் பக்கத்தில் நிற்பவர் தாதி.

கொவிட் 19 என்ற கொள்ளை நோய் வந்து போனதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த நோய் நம் வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் எப்படிக் குழப்பியது என்று நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் அந்த நாட்களில் நோயாளரைப் பார்த்த தாதிமாருக்கும் மிட்வைப் அம்மாமாருக்கும் என்ன நடந்தது என்று நாம் அதிகம் பேசவில்லை. அவர்களுடைய கஷ்டம் நோயோடு முடிந்துவிடவில்லை, பின்னாலும் தொடர்கிறது. அதைப் புரிந்து கொண்டால்தான் அவர்களை நம்மிடத்தில் தக்க வைத்துக் கொள்ளலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் இருக்க முடியாத வேலைகள்

நமது நாட்டில் முதலாவது கொவிட் நோயாளி 2020 ஜனவரி 27ஆம் திகதி கண்டு பிடிக்கப்பட்டார். அவர் சீன நாட்டிலிருந்து வந்த ஒரு பெண். அங்கொடையில் உள்ள தொற்று நோய் வைத்தியசாலையில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இதனை உலகக் கொள்ளை நோய் என்று அறிவித்தது. மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது.

நாடே வீட்டுக்குள் இருந்த அந்த வேளையில் வெளியே போய் வேலை செய்தவர்கள் சிலரே. தேயிலை வேலைக்கு அனுமதி இருந்தபடியால் நாம் மலைக்குப் போனோம். தாதிமார் வார்ட்டுக்குப் போனார்கள். மிட்வைப் அம்மாமார் வீடு வீடாகப் போனார்கள். ஆகவே இவர்களின் நிலைமையை மற்ற எவரையும் விடத் தோட்டத்து மக்களாகிய நமக்கு நன்றாக விளங்க வேண்டும்.

கந்தோர் வேலையைப் பிற்போடலாம். பள்ளிக்கூடத்தைப் பூட்டலாம். கல்யாணத்தைக் கூட அடுத்த மாதத்துக்கு வைக்கலாம். பிரசவ வலியைத் தள்ளிப் போட முடியாது. ஊரடங்குக் காலத்தின் ஆரம்பத்தில் சில கிளினிக்குகள் நடக்கவில்லை, சிலவற்றில் ஆட்களைக் குறைத்துக் கூப்பிட்டார்கள். அப்போது கர்ப்பிணித் தாய்மாரின் கேள்விகள் எல்லாம் மிட்வைப் அம்மாவின் கைத்தொலைபேசிக்கே வந்தன. "அம்மா, கால் வீங்கியிருக்கு, என்ன செய்ய?" "அம்மா, பிள்ளை அசையிற மாதிரி தெரியல்ல." இப்படி இரவு பத்து மணிக்கும் அழைப்பு வரும். பஸ் இல்லை, கடை இல்லை, பாஸ் இல்லாமல் ரோட்டில் போக முடியாது. ஒரு மிட்வைப் அம்மாவுக்குச் சுமார் 3,000 பேர் என்பதே சாதாரண காலத்துக் கணக்கு. மலைநாட்டில் அந்த 3,000 பேரும் ஒரே தெருவில் இருப்பதில்லை. ஒரு டிவிஷனுக்கும் மற்ற டிவிஷனுக்கும் இடையில் ஏற்றமும் இறக்கமுமாகப் பல கட்டை தூரம் இருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைவடைந்ததை ஒட்டி, 2020ஆம் ஆண்டை சர்வதேச தாதியர் மற்றும் மருத்துவமாதுகள் ஆண்டு என உலக சுகாதார நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. விழா எடுக்க வேண்டிய அந்த ஆண்டே அவர்களுக்கு ஆகக் கடினமான ஆண்டாகப் போனது.

உடம்பு பட்ட பாடு

கொவிட் வார்ட்டில் வேலை செய்யும் தாதி பாதுகாப்பு அங்கி போட வேண்டும். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு, கையில் இரண்டு சோடி உறை, மூக்கை இறுக்கிப் பிடிக்கும் முகக்கவசம், அதற்கு மேல் முகத்தை மறைக்கும் கண்ணாடித் தாள். மழைக் காலத்தில் படங்கும் பொலித்தீனும் கட்டிக் கொண்டு கொழுந்தெடுக்கும் நம் பெண்களுக்கு இது விளங்கும். வெளியே நனையாமல் இருந்தாலும் உள்ளே வியர்வையில் உடம்பு அவிந்து போகும் அல்லவா? அதே நிலைமைதான், ஆனால் வேலை முடியும் வரை அதைக் கழற்ற முடியாது.

அங்கியைக் கழற்றுகிற நேரம்தான் கிருமி தொற்றுவதற்கு ஆகக் கூடிய ஆபத்து உள்ள நேரம். ஒரு தரம் கழற்றினால் திரும்பப் புதிது போட வேண்டும். புதிய அங்கிக்கு அந்த நாட்களில் உலகம் முழுவதும் தட்டுப்பாடு. ஆகையால் பலர் நான்கு, ஐந்து மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல், மலசலகூடம் போகாமல் நின்றார்கள். மாதவிடாய் நாட்களில் இது எவ்வளவு வேதனை என்பதைப் பெண்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலையிடி, சிறுநீர் எரிவு, மூக்கின் மேலும் காதின் பின்னாலும் புண், கழுவிக் கழுவித் தோல் வெடித்த கை என்பன அவர்களுக்கு அன்றாட விஷயமாகின. நாள் முழுவதும் நின்ற கால்களில் நரம்பு புடைத்தது.

இவற்றுக்கு மேலாக நோயும் வந்தது. 2020 ஜனவரிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையில் உலகம் முழுவதும் 80,000 முதல் 180,000 வரையான சுகாதார ஊழியர்கள் கொவிட் நோயினால் இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இதில் டாக்டர்மார், தாதிமார், மருத்துவமாதுகள், சிற்றூழியர்கள் எல்லோரும் அடங்குவர். உலகத் தாதியரில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இறந்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் சின்னப் பிள்ளைகளை விட்டு வந்த தாய்மார்.

நமது நாட்டில் 2021 ஜனவரி 29ஆம் திகதி தடுப்பூசி போடத் தொடங்கியபோது சுகாதார ஊழியர்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். சிலர் அதைப் பார்த்து "அவங்களுக்குத்தான் முதல்ல" என்று குறை சொன்னார்கள். ஆனால் அந்த ஊசியை நம் எல்லோருக்கும் போட்டு முடித்தவர்கள் யார்? பள்ளிக்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் காலை முதல் மாலை வரை உட்காராமல் நின்ற அதே தாதிமாரும் மிட்வைப் அம்மாமாரும்தான். அவர்கள் விழுந்திருந்தால் ஊசி போட ஆள் இருந்திருக்காது.

மனசு பட்ட பாடு

உடம்பு நோவு தூங்கி எழும்பினால் கொஞ்சம் ஆறும். மனசின் நோவு அப்படி ஆறுவதில்லை. அது எந்த வகையில் வந்தது என்று பார்ப்போம்.

முதலாவது பயம். இந்தப் பயம் தன் உயிருக்கான பயம் மட்டும் அல்ல. எமக்குத் தெரிந்த மிட்வைப் அம்மா ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்: "சேர், காய்ச்சல் எனக்கு வந்தா நான் படுத்துக்கிடுவேன். என்னால என் புள்ளைக்கு வந்திருச்சின்னா என்ன செய்றது? அத நெனச்சாத்தான் ராவெல்லாம் தூக்கம் வரல." உலகின் எந்த மூலையில் உள்ள தாதியைக் கேட்டாலும் அந்த நாட்களில் இதே பதில்தான் வந்திருக்கும்.

இரண்டாவது, செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போன வேதனை. சாகக் கிடக்கும் ஒருவரின் கையைப் பிடிப்பதும், சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கடைசியாக முகம் காட்டுவதும் தாதி தொழிலில் சேர்ந்தவை. கொவிட் வார்ட்டில் சொந்தக்காரர் வர முடியாது. உறை போட்ட கையால்தான் தொட வேண்டும். பல தாதிமார் தொலைபேசியைப் பிடித்துக் கொண்டு, பிள்ளைகளின் குரலைச் சாகும் தகப்பனுக்குக் கேட்க வைத்தார்கள். பிரசவ அறையிலும் இதே கதைதான். பல நாடுகளில் புருஷனையோ தாயையோ உள்ளே விடவில்லை. தலைப்பிள்ளைக்காரி பயந்து அழும்போது அவளுக்கு அம்மாவாகவும், அக்காவாகவும், மருத்துவமாதாகவும் ஒரே ஆள் நிற்க வேண்டி வந்தது. அந்த நேரத்திலும் பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி இருக்கிறாள். இரண்டு பேருக்கும் முழுசாகச் செய்ய முடியாமல் போகிறது. வீட்டுக்குப் போன பிறகும் "அந்தப் பிள்ளையை நான் சரியாகக் கவனிக்கவில்லையோ" என்ற எண்ணம் விடாது. தவறு அவர் மேல் இல்லை, ஆள் போதாமைதான் காரணம். ஆனாலும் குற்ற உணர்வு அவருக்குத்தான் வருகிறது.

மூன்றாவது, முடிவு தெரியாமை. கொழுந்து கூடிய மாதம் எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் அது இத்தனை வாரத்தில் முடியும் என்று நமக்குத் தெரியும். கொவிட் அப்படி இருக்கவில்லை. 2020 ஏப்ரல், மே மாதங்களுக்குப் பிறகு குறைந்தது என்று நினைத்தோம். ஒக்டோபரில் மினுவாங்கொடையிலும் பேலியகொடையிலும் இருந்து திரும்பப் பரவியது. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் இன்னும் கூடியது. ஓகஸ்ட் மாதத்தில் டெல்டா வகை வந்து மீண்டும் நாடு பூட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூச்சு விட முன் அடுத்த அலை வந்தது.

வீட்டிலும் ஓய்வு இல்லை

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் தாதியும் ஒரு தாய்தான், ஒரு மருமகள்தான். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பிள்ளை பார்க்க ஆள் இல்லை. வயதான மாமியாருக்குத் தொற்றிவிடுமோ என்று அங்கே விடவும் பயம். பலர் வாசலிலேயே உடுப்பை மாற்றி, குளித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். சிலர் வாரக் கணக்கில் விடுதியில் தங்கினார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் பாலை நிறுத்தலாமா வேண்டாமா என்று தவித்தார்கள். "அம்மா ஏன் என்னைத் தூக்க மாட்டேங்கிறா?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து தாதியாகவும் மருத்துவமாதாகவும் போன பிள்ளைகள் இப்போது பலர் இருக்கிறார்கள். அது நமக்குப் பெருமை. அவர்களில் சிலருடைய வீடு இன்றைக்கும் லயம்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் ஐந்து, ஆறு பேர் இருக்கும்போது "தனி அறையில் இருங்கள்" என்ற அறிவுரையை எங்கே கொண்டு போய் வைப்பது? நகரத்துத் தாதிக்கு ஒரு கஷ்டம் என்றால் லயத்துத் தாதிக்கு அது இரண்டு மடங்கு.

ஒதுக்கி வைத்தது

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை உண்மையாக இருக்காது.

உலகின் பல இடங்களில் முதல் நாட்களில் தாதிமாருக்குக் கை தட்டினார்கள், விளக்கு ஏற்றினார்கள். அதே ஆட்கள் பிறகு வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை. அயல் நாடான இந்தியாவில் சுகாதார ஊழியர்கள் தாக்கப்பட்ட சம்பவங்கள் கூடியபடியால், 1897ஆம் ஆண்டுத் தொற்று நோய்ச் சட்டத்தை 2020 ஏப்ரலில் அவசரச் சட்டத்தால் திருத்தி, அப்படித் தாக்குவோருக்குச் சிறைத் தண்டனை கொண்டு வந்தார்கள்.

நமது பக்கத்திலும் வேறு ஒரு வகையில் இது நடந்தது. ஒரு டிவிஷனில் 2021ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். ஒரு லயத்தில் காய்ச்சல் இருந்தது. வீட்டார் வெளியே சொல்லவில்லை. ஏன் என்றால் சொன்னால் 14 நாள் வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள், 14 நாள் பேர் போய்விடும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. மிட்வைப் அம்மா அதே லயத்துக்குப் பிள்ளை பெற்ற தாயைப் பார்க்க வந்தார். அடுத்த கிழமை அவருக்கும் காய்ச்சல், அவருடைய வீட்டாருக்கும் காய்ச்சல். இதற்கிடையில் அந்த லயத்துக்குப் பரிசோதகர் வந்து நோட்டீஸ் ஒட்டினார். உடனே "மிட்வைப் அம்மாதான் காட்டிக் குடுத்திட்டாங்க" என்று கதை பரவியது. அவர் குணமாகித் திரும்ப வந்த நாளில், "அம்மா, உள்ளுக்கு வராதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று கதவைச் சாத்தினார்கள். உள்ளே பிறந்து இருபது நாள் ஆன குழந்தை.

இங்கே யாரைக் குறை சொல்வது? சம்பளம் போய்விடும் என்று பயந்த குடும்பத்தின் நிலைமை நமக்குத் தெரியும். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு உலர் உணவுப் பொதி வந்தது, ஆனால் எல்லா இடத்திலும் நேரத்துக்கு வரவில்லை. பசிக்குப் பயந்தவன் நோயை மறைக்கிறான். மறைத்த நோய் மிட்வைப் அம்மாவின் மேல் ஏறுகிறது. ஆகவே அவரைப் பாதுகாக்க வேண்டுமானால், காய்ச்சலைச் சொல்கிற குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கும் வழி செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றோடு ஒன்று கட்டியவை.

நோய் போன பிறகும் போகாதது

2023 மே 5ஆம் திகதி கொவிட் நோயின் சர்வதேச அவசர நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மே 5 சர்வதேச மருத்துவமாதுகள் தினமும் கூட. ஆனால் அன்றோடு அவர்களுடைய களைப்பு தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்கக் கூடாது. இப்படி நினைத்தால் என்ன நடக்கும் என்பதை முன்னர் வந்த இரண்டு கொடிய நோய்கள் உலகத்துக்குக் காட்டியிருக்கின்றன.

ஒன்று, 2003ஆம் ஆண்டின் சார்ஸ். அந்த நோய் பிடித்த சுமார் 8,000 பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சுகாதார ஊழியர். கனடாவின் டொரொன்டோ நகர வைத்தியசாலைகளில் அது பரவி, அங்கே தாதிமாரும் உயிரிழந்தார்கள். சார்ஸ் போய் ஒன்று, இரண்டு வருடங்களுக்குப் பிறகு அந்த ஊழியர்களை ஆராய்ந்து பார்த்தார்கள். நோய் பரவாத ஹமில்டன் நகர ஊழியர்களோடு ஒப்பிட்டபோது, டொரொன்டோவில் களைத்துச் சலித்துப் போனவர்கள் கூட இருந்தார்கள். வேலை நேரத்தைக் குறைத்தவர்களும், நோயாளரைக் கிட்டப் போய்ப் பார்ப்பதைக் குறைத்தவர்களும் கூட இருந்தார்கள். அதே ஆய்வில் நல்ல செய்தியும் ஒன்று உண்டு. போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் தங்களுக்குக் கிடைத்தது என்று உணர்ந்தவர்களுக்கு இந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது.

மற்றது, 2014 முதல் 2016 வரை மேற்கு ஆபிரிக்காவில் பரவிய எபோலா. இதில் லைபீரியா நாடு தனது டாக்டர், தாதி, மருத்துவமாதுகளில் ஏறக்குறைய 8 வீதமானோரையும், சியரா லியோன் ஏறக்குறைய 7 வீதமானோரையும் இழந்தன. முன்பே ஆள் போதாத நாடுகள் அவை. எபோலாவுக்குப் பிறகு அங்கே பிள்ளை பெறப் போன தாய்க்குக் கை கொடுக்க ஆள் குறைந்தது. கொள்ளை நோய் நேரடியாகக் கொல்வது ஒரு தொகை. தாதியும் மருத்துவமாதும் இல்லாமல் போவதால் பின்னால் சாவது இன்னொரு தொகை.

இப்படி வேலையால் வரும் நீண்ட களைப்பை உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்படுத்தல் நூலிலும் விபரித்துள்ளது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள். ஒன்று, உடம்பிலும் மனசிலும் சக்தி வற்றிப் போதல். இரண்டு, வேலையில் இருந்து மனசு விலகி வெறுப்புத் தட்டுதல். மூன்று, நான் செய்வதில் ஒரு பலனும் இல்லை என்று தோன்றுதல். நாம் சில வேளை "அந்த மிஸ் முந்தி மாதிரி இல்ல, எரிஞ்சு விழுறாங்க" என்று பேசுகிறோம். அது திமிர் என்று முடிவு கட்டுமுன், இந்த மூன்றில் ஏதும் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

நமது நாட்டில் கொவிட் முடிய முன்பே 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி வந்து சேர்ந்தது. பெற்றோல் இல்லை, மருந்து இல்லை, சாமான் விலை ஏறியது. களைத்துப் போன ஊழியர்கள் மறுபடியும் நடந்து வேலைக்குப் போனார்கள். அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போக அந்த ஆண்டு அனுமதி வந்தது. தாதிமார் பலரும் வெளிநாடு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிஞ்சி நிற்பவர்களின் தோளில் சுமை கூடியது. ஒரு தோட்டத்து மிட்வைப் அம்மா போய்விட்டு அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால், இரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணியை யார் நேரத்துக்குக் கண்டு பிடித்து வைத்தியசாலைக்கு அனுப்புவது? ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினை.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியங்களை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். ஆள் சேர்த்தல், சம்பளம், பாதுகாப்பு உடுப்பு என்பன நம் கையில் இல்லை. ஆனாலும் தோட்டத்தில் செய்யக் கூடியவை உண்டு.

1. நோயை மறைக்காதீர்கள். மிட்வைப் அம்மா வாசலுக்கு வரும்போதே "வீட்டில் காய்ச்சல் இருக்கிறது அம்மா" என்று சொல்லுங்கள். அவர் முகக்கவசம் போட்டுக் கொண்டு, வெளியில் வைத்துப் பார்த்துக் கொள்வார். கொவிட்டுக்கு மட்டும் இல்லை, சயரோகம், சின்னம்மை எதற்கும் இது பொருந்தும்.

2. கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். வராத ஒவ்வொரு தாயையும் தேடி அவர் மலை ஏற வேண்டியுள்ளது. வர முடியாவிட்டால் முதல் நாளே பிள்ளை மடுவத்து அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள்.

3. இரவு அழைப்பை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். இரத்தப் போக்கு, வலிப்பு, கடும் தலையிடியோடு கண் மங்குதல், தண்ணீர்க்குடம் உடைதல், பிள்ளை அசையாமை என்பன அவசரம். இவற்றுக்கு எந்த நேரத்திலும் தயங்காமல் கூப்பிடுங்கள், 1990 அம்புலன்ஸ் வண்டியையும் அழையுங்கள். நிறை போடும் நாள் எப்போது என்று கேட்பதற்குக் காலை வரை பொறுக்கலாம்.

4. வதந்திக்குக் காது கொடுக்காதீர்கள். "அவங்கதான் நோய கொண்டு வந்தாங்க", "அவங்கதான் காட்டிக் குடுத்தாங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கோயில் கமிட்டியும் மாதர் சங்கமும் இதில் முன்னுக்கு நிற்க வேண்டும்.

5. தோட்ட நிர்வாகத்திடமும் தலைவர்மாரிடமும் நாம் கேட்பது இது. மிட்வைப் அம்மா வருகிற நாளில் டிவிஷனுக்கு டிவிஷன் போக, முடிந்த அளவு வாகன வசதி கொடுங்கள். கை கழுவத் தண்ணீரும், சுத்தமான மலசலகூடமும், சிறிது நேரம் உட்கார ஒரு காம்பராவும் ஒதுக்குங்கள். இனி ஒரு தொற்று நோய் வந்தால், தனிமைப்படுத்தப்படும் குடும்பத்துக்கு முதல் நாளே உணவு போய்ச் சேரும் ஏற்பாட்டை இப்போதே பேசி முடிவு செய்து வையுங்கள்.

6. வீட்டில் தாதியாகவோ மருத்துவமாதாகவோ வேலை செய்யும் மகளோ மருமகளோ இருந்தால், அவருடைய இரவு வேலைக்குப் பின் உள்ள தூக்கத்தைக் காவல் காருங்கள். சமையலையும் பிள்ளை பார்ப்பதையும் ஆண்களும் பங்கு போட வேண்டும். வாரக் கணக்கில் தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, வேலைக்குப் போகப் பயம், வாழ்ந்து என்ன என்ற பேச்சு இவற்றில் ஏதும் கண்டால் "உனக்கு என்ன குறை" என்று அதட்டாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசி எடுத்துப் பேசலாம். இது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. முதுகு வலிக்கு மருந்து தேடுவது போலத்தான் இதுவும்.

7. கடைசியாக, அவர்களோடு பேசுங்கள். "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுப்பதற்கு நிர்வாகமும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை. டொரொன்டோவில் ஆராய்ந்து கண்ட ஆதரவு என்பதில் பயிற்சியும் உடுப்பும் மேலிருந்து வர வேண்டியவை. மனிதரின் ஆதரவு நம்மிடம் இருந்தும் போகலாம்.

நாம் மேலே சொன்ன டிவிஷனில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்த லயத்துப் பாட்டி ஒருவர்தான் அடுத்த கிழமை கதவைத் திறந்து, "வாங்கம்மா, புள்ளைய பாருங்க, நிறை குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று கூப்பிட்டார். மிட்வைப் அம்மாவும் ஒன்றும் பேசாமல் தராசை எடுத்தார். அந்தப் பிள்ளை இன்று பாலர் பாடசாலையை முடிக்கும் வயதில் இருக்கிறது. அந்த அம்மா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். ஆனால் அவரோடு ஒன்றாகப் பயிற்சி பெற்ற இருவர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

அடுத்த கொள்ளை நோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது நம் லயத்து வாசலில் வந்து நிற்க ஒரு மிட்வைப் அம்மாவும், வார்ட்டில் நம் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு தாதியும் வேண்டும். அவர்களை அன்றைக்குத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். இன்றைக்கே பார்த்துக் கொள்ள வேண்டும். இந்த விஷயத்தை அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேசுமாறும், உங்கள் டிவிஷனில் என்ன ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு தீர்மானத்துக்கு வருமாறும் அனைவரையும் அன்போடு கேட்டுக் கொள்கிறோம்.